கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை: பக்கத்து ஊர் உத்திரமேரூர் சொல்லும் பாடம்



கல்யாணம், மௌத்து, நிலம் பார்ப்பது, நெல் வாங்குவது என்று ஏதாவது ஒரு காரியமாக நம்மில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்து ஏறியிருப்போம். ஓரிக்கையைக் கடந்தால் பாலாறு, மாகறலைக் கடந்தால் செய்யாறு, அதன் பிறகு இரு பக்கமும் வயல்கள். சுமார் முப்பது கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "பெரிய ஏரி இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

சென்ற விடுமுறையில் நமது அறக்கட்டளையின் மாலை நேர வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். திரும்பி வந்த பிள்ளைகள் வீட்டில் சொன்னதைக் கேட்டுச் சில பெற்றோர், "அங்கே பார்த்ததை எல்லோருக்கும் புரியும்படி எழுதுங்களேன்" என்றார்கள். அதற்காகவே இந்தக் கட்டுரை. ஊரின் பெருமையைச் சொல்வதோடு நில்லாமல், நம் ஜமாஅத்துக்கும் நம் வார்டுக்கும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதையும் சொல்ல முயன்றிருக்கிறோம்.

ஊர் இன்று

உத்திரமேரூர் நம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். நிர்வாகத்தில் அது ஒரு பேரூராட்சி. 18 வார்டுகள் உள்ளன. வார்டுக்கு ஒரு கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசு நியமிக்கும் செயல் அலுவலர் அன்றாட அலுவலகப் பணிகளைப் பார்க்கிறார். குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குப்பை, சொத்து வரி எல்லாம் அந்த அலுவலகத்தின் பொறுப்பு.

ஊரைச் சுற்றிலும் கிராமங்கள். உத்திரமேரூர் ஊராட்சி ஒன்றியத்தில் மட்டும் 73 கிராம ஊராட்சிகள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்களில் இதுவே அதிக ஊராட்சிகளைக் கொண்டது. மாவட்டத்தின் மொத்தம் 274 என்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் இங்கேதான். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் பக்கம் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. உத்திரமேரூர்ப் பக்கம் இன்னும் பெரும்பாலும் விவசாயம்தான். முக்கியப் பயிர் நெல். கரும்பும் வேர்க்கடலையும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்கு ஏற்ப நாற்று விடுகிறார்கள். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னால் நெல் குவியல்கள் வரிசையாகக் காத்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு நனைந்துபோகும்.

ஏரி எப்படி வேலை செய்கிறது

இந்த விவசாயத்துக்கு உயிர் ஏரி. நம் மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்ற பெயர் சும்மா வரவில்லை. நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. காவிரி போல ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் சில நாட்கள் பெருகி ஓடும். பிறகு மணல் தெரியும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பல மாதம் பயன்படுத்த முன்னோர் கண்ட வழிதான் ஏரி.

உத்திரமேரூர் ஏரிக்கு 1,100 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகளில் அதன் பெயர் வயிரமேக தடாகம். செய்யாற்றின் குறுக்கே உள்ள அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது.

ஏரி என்பது ஒரு பள்ளம் மட்டும் அல்ல. தண்ணீர் வந்து சேர வரத்துக் கால்வாய் வேண்டும். தேக்கி வைக்கக் கரை வேண்டும். வயலுக்கு அளந்து விட மதகு வேண்டும். நிரம்பினால் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல் வேண்டும். இந்த நான்கில் ஒன்று கெட்டாலும் ஏரி பயன்படாது. வரத்துக் கால்வாயில் யாராவது வீடு கட்டிவிட்டால் மழை பெய்தும் ஏரி காயும். கலங்கல் வழியை அடைத்தால் தண்ணீர் தெருவுக்குள் வரும். அதோடு ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். தூர் வாராவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு ஏரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும்.

ஆகவே ஏரியை வெட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆண்டு தோறும் யாராவது பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், அந்தப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்காக அறக்கட்டளை வைத்த செய்திகள் உள்ளன. மூலதனத்தைத் தொடாமல் அதன் வருமானத்தைக் குறித்த காரியத்துக்கே செலவிடுவது என்ற முறை, வக்ஃபை அறிந்த நமக்குப் புதிதல்ல.

சுவரில் எழுதிய சட்டம்

பிள்ளைகளை அழைத்துச் சென்ற இடம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபம். கோயில் என்பதால் ஓரிரு பெற்றோர் முதலில் தயங்கினார்கள். நாம் போனது வழிபாட்டுக்கு அல்ல, சுவரில் எழுதிய ஊர்ச் சட்டத்தைப் பார்க்க என்று விளக்கியதும் சம்மதித்தார்கள்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அப்போது ஊரின் பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். ஊரின் காரியங்களை ஒரு சபை நடத்தியது. சபையின் கீழ் வாரியங்கள் இருந்தன. 'வாரியம்' என்ற சொல்லை வக்ஃப் வாரியம், மின்வாரியம் என்று நாம் இன்றும் சொல்கிறோம். அங்கே ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பொன்னின் தரத்தைப் பார்க்கும் பொன் வாரியம் போன்றவை தனி.

இவர்களைத் தேர்ந்தெடுத்த முறைக்குத்தான் குடவோலை என்று பெயர். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். இன்றைய வார்டு போல என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் தனித்தனியாக எழுதிக் கட்டாகக் கட்டி, எல்லாக் கட்டுகளையும் ஒரு குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் கூடிய சபையில் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லி, அதை இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு அவர் உரக்கப் படிப்பார். கூடியிருக்கும் மற்றவர்களும் வாங்கிப் படிப்பார்கள். அதன் பிறகே பெயர் ஏறும்.

பொறுப்பு 360 நாட்களுக்கு மட்டும். இடையில் குற்றம் செய்தது தெரிந்தால் உடனே நீக்கம்.

இரண்டு கல்வெட்டுகளுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள். முதலில் போட்ட விதிகளை இரண்டாவது முறை திருத்தி இன்னும் இறுக்கமாக்கியிருக்கிறார்கள். முதல் முறையில் கண்ட ஓட்டையை அடைத்தார்கள் என்றே இதற்குப் பொருள். விதி எழுதியவர்கள் தங்கள் விதியைத் தாங்களே திருத்திக்கொள்ள வெட்கப்படவில்லை.

யாருக்கு இடமில்லை

தகுதிகளைவிடத் தகுதியின்மைப் பட்டியல்தான் நம்மை அதிக நேரம் நிற்க வைத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. பிறர் பொருளைத் திருடியவர் வர முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது.

அவர் மட்டும் அல்ல. அவருடைய தந்தை, மகன், சகோதரன், மாமனார், மருமகன், மைத்துனன், தாய்மாமன், பெரியம்மா சின்னம்மா மக்கள், அத்தை மகன் என்று நீளமான பட்டியலே இருக்கிறது. ஒருவர் கணக்குக் காட்டாமல் போய்விட்டு அடுத்த முறை மைத்துனரை நிறுத்தி அவர் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் வழியை அந்த ஊர் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அடைத்துவிட்டது.

இதைப் படித்துக் காட்டியபோது கூட வந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எதற்காகச் சிரித்தோம் என்று நமக்கே தெரியும். ஒரே குடும்பத்தின் கையில் ஆண்டுக்கணக்காக இருக்கும் பொறுப்புகளைப் பற்றி வீட்டுத் திண்ணையில் பேசுவோம். கூட்டத்தில் பேச மாட்டோம்.

ஒரு பிள்ளை கேட்ட கேள்வி

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "அந்தக் குடத்தில் எங்கள் அம்மா பெயர் இருந்திருக்குமா?"

இருந்திருக்காது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் அரசன் பிராமணர்களுக்குக் கொடுத்த பிரம்மதேயம். ஓலையில் பெயர் எழுத, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் தோராயமாக ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதக் கல்வி வேண்டும். ஆகவே பெண்களுக்கு இடமில்லை. அந்த வயலில் நாற்று நட்டவருக்கும், ஏரியில் தூர் வாரியவருக்கும் இடமில்லை. 'உலகுக்கே ஜனநாயகம் தந்த ஊர்' என்று மேடைகளில் சொல்வது பாதி உண்மைதான். குடத்தில் பெயர் போட உரிமை இருந்த சிலருக்குள் நடந்த தேர்வு அது.

இன்று அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் பதினெட்டு வயது நிறைந்த நாளிலிருந்து வாக்கு இருக்கிறது. இருபத்தொன்றில் வேட்பாளராகவும் நிற்கலாம். நிலம் வேண்டாம், சொந்த வீடு வேண்டாம், குறிப்பிட்ட மதமோ சாதியோ வேண்டாம். தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென 2016-ல் சட்டம் வந்தது. குடவோலை தராத ஒன்றை நம் அரசியல் சட்டம் தந்திருக்கிறது. அதனால் பழைய முறை உயர்ந்ததா, இன்றைய முறை உயர்ந்ததா என்ற விவாதம் தேவையில்லை. அவர்களிடம் கணக்கு இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. நம்மிடம் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. கணக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.

ஐந்து ஆண்டு வெற்றிடம்

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2011 அக்டோபரில் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 2016-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உத்திரமேரூரிலும் காஞ்சிபுரத்திலும் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். நம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளுக்கும் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது.

அந்த ஆண்டுகளில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் போவது என்று தெரியாமல் அலைந்தது நமக்கு நினைவிருக்கும். ஆனால் அதை ஓர் உரிமை இழப்பாக நம்மில் எத்தனை பேர் உணர்ந்தோம்? 360 நாளுக்கு ஒருமுறை ஆளை மாற்றிய ஊருக்குப் பக்கத்தில் வாழும் நாம், ஐந்து ஆண்டு தேர்தல் இல்லாததைப் பெரிதாகப் பேசாமல் கடந்துவிட்டோம்.

நமக்கும் அந்தத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்

"நாம் டவுனில் இருக்கிறோம், நமக்கு ஏரியும் வயலும் எதற்கு?" என்று கேட்கலாம். ஒலிமுகமதுபேட்டையில் இருந்தாலும், பெரிய காஞ்சிபுரத்தில் இருந்தாலும் நாம் சாப்பிடும் அரிசி இப்படிப்பட்ட ஏரிப் பாசனத்தில் விளைவதுதான். தறியை நம்பியிருக்கும் குடும்பமும், கடையை நம்பியிருக்கும் குடும்பமும் கிராமத்தில் விளைச்சல் நன்றாக இருந்தால்தான் வியாபாரம் பார்க்க முடியும். அதோடு நம் ஊருக்குள் ஓடும் வேகவதி ஆறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேர்கிறது. நாம் வேகவதியில் கொட்டும் குப்பை, கீழே இருக்கும் கிராமத்தின் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். தண்ணீரை வீணாக்குவதும் பொதுவழியில் இடையூறு செய்வதும் பாவம் என்று பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோம். வேகவதிக் கரைக்கும் அது பொருந்தும்.

பொதுப் பொறுப்பை நம் மார்க்கம் அமானிதம் என்கிறது. பொதுக் காரியத்தை மஷூரா செய்து முடிவெடுக்கச் சொல்கிறது. மறுமையில் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நம் ஈமானில் ஒரு பகுதி. மறுமையின் கணக்கை நம்புகிறவர்கள் இம்மையின் கணக்கைக் காட்டத் தயங்குவது பொருத்தமில்லை. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1995-ம் ஆண்டு வக்ஃப் சட்டப்படி முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

படித்து முடித்து மடித்து வைத்துவிடாமல், வீட்டில் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய சில காரியங்கள்:

1. வீட்டில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாகத் திருமணமாகி வந்த மருமகள்களின் பெயர். பிறந்த வீட்டுப் பட்டியலிலும் இல்லாமல் புகுந்த வீட்டுப் பட்டியலிலும் இல்லாமல் விடுபடுவது அதிகம் அவர்கள்தான். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்கலாம்.

2. உங்கள் வார்டு எண்ணும் கவுன்சிலர் பெயரும் தெரியுமா? காஞ்சிபுரம் 2021-ல் மாநகராட்சியாகி இப்போது 51 வார்டுகள் உள்ளன. பகுதி சபா கூட்டம் நடந்தால் ஆண்களும் பெண்களும் போய் உட்காருங்கள்.

3. கிராமத்தில் உறவினர் இருந்தால் கிராம சபைக்குப் போகச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க அதுவே சரியான இடம்.

4. பதில் கிடைக்காவிட்டால் சண்டை வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நமது அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறோம்.

5. ஏரி, கால்வாய், ஆற்றங்கரை நிலத்தில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சேமித்த பணமும் போகும், அடுத்தவர் தண்ணீரும் போகும்.

6. நம் மஹல்லாவின் கணக்கைக் கேளுங்கள். கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. பொறுப்பில் இருப்பவரின் நேர்மைக்கு அதுவே பாதுகாப்பு.

கடைசியாக எங்களைப் பற்றி. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஜகாத், ஸதகா, கல்வி உதவி என்று நீங்கள் நம்பித் தந்த ஒவ்வொரு ரூபாயும் எங்களிடம் அமானிதம். ஆகவே இந்த ஆண்டின் வரவு செலவை நோன்புப் பெருநாளுக்கு முன் அச்சிட்டு ஒவ்வொரு மஹல்லாவின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ். உதவி பெற்ற குடும்பங்களின் பெயர் அதில் இருக்காது. தொகையும் காரியமும் மட்டும் இருக்கும். புரியாத வரி இருந்தால் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். விரல் ஐந்தையும் விரித்துக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.